கள்வனைப் பிடித்த பிறகு

அன்புத் தங்கச்சிக்கு,

நீர் அனுப்பிய ஆட்டக் கதையை இரவிரவாக வாசித்தேன். உப்பளமும் துறைமுகமும் உள்ள அரச நகரம், கடலுக்கு நடுவே ஒரு சிறைக்கோட்டை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறீர் என்று உடனே விளங்கியது. எங்கள் மண்ணில் நின்று மாயக்கதை கட்ட ஒருவர் வந்திருக்கிறார் என்று மனம் நிறைந்தது.

ஓரிடத்தை மட்டும் கட்டாயம் மாற்றும். வீரர்கள் கொப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒருவனைப் பிடித்துக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். நீர் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்கிறீர். எண் உயர்ந்தால் அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டம் ஆடும் மேசைகளில் அடிக்கடி நடக்கிற காட்சிதான். ஆனால் நாங்கள் ஆடுவது யாழ்ப்பாணத்தில். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிறுவும் சுமையும் கொடுத்தவர் தலையிலேயே. அப்படியான வாக்குமூலங்களால் இளமையைச் சிறையில் தொலைத்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். உமது மேசையில் இருக்கும் பிள்ளையின் மாமாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவள் அதை உமக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆகவே முதல் நாளே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளும்: கைது, விசாரணை, காணாமற்போதல், இவற்றில் எது மேசைக்கு வரக்கூடாது? காரணம் கேட்க வேண்டாம். அதற்குப் பிறகும் அடித்தே கேட்போம் என்று வீரர்கள் நின்றால், பகடையை எடுத்து உள்ளே வையும். அடிபட்டவன் பேசுவான். அடிப்பவர்கள் யாரைச் சந்தேகிக்கிறார்களோ அந்தப் பெயரையே சொல்வான். அந்த ஆளை அவர்கள் தூக்கிலிடட்டும். இரண்டு கிழமை கழித்து மெய்யான கள்வன் சந்தையில் எதிர்ப்படட்டும்.

ஆட்டத்தில் வரும், பொய் சொல்ல விடாத மந்திரத்தையும் எடுத்துவிடலாம். வட்டத்துக்குள் நிறுத்தி நாலு கேள்வி கேட்டால் வழக்கும் முடிந்தது, கதையும் முடிந்தது. அதன் இடத்தில் கோயிற் சத்தியத்தை வையும். கற்பூரம் ஏற்றி, பிள்ளைகளின் பேரால் சத்தியம் பண்ணுகிறவர் பொய்யும் சொல்லலாம். ஊர் அன்றைக்கு அவரை விட்டுவிடும். மாரியில் அவர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஊரே அவரைத் திரும்பிப் பார்க்கும். அப்படிச் சத்தியம் பண்ணிய வீரரை ஆடுகிறவர் மாரி முழுவதையும் அந்தப் பயத்தோடு ஆடவேண்டிவரும்.

தண்டனைக்கு எப்போதும் தூக்கு மரத்தைத் தேடவேண்டாம். வீரர் செத்தால், ஆடியவர் புதிய ஆளை எழுதிக்கொண்டு வந்து இருந்துவிடுவார். குற்றம் செத்தவரோடு போய்விடும். எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையை ஒருமுறை வாசியும். ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இல் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டது. முதுசம், சீதனம், ஒற்றி, கடன், அடுத்தவர் காணியில் நட்ட மரத்தின் பயன் என்றுதான் அது போகும். களவெடுத்த வீரரின் முதுசக் காணியை ஒற்றியில் போடும். மீட்பதற்கு அக்காவின் சீதனத்துக்கு வைத்த காசு போகட்டும். அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா முகங்கொடாமல் எழும்பிப் போகட்டும்.

அதே தேசவழமையில் அடிமைகளுக்கென்றும் ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதையும். 1844 இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஒரே களவுக்கு எல்ஃப் பிரபுவுக்கு என்ன தண்டனை, கொப்ளினுக்கு என்ன தண்டனை என்று எழுதும்போது அந்தப் பக்கங்கள் உமக்கு முன்னால் இருக்கட்டும்.

சிறைக்கோட்டைக்குப் பொருத்தமான வழக்கு ஒன்று கேட்டிருந்தீர். பூதத்தம்பியை எடும். 1658 ஜூனில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். சில மாதங்களில் அவர்களுக்கு எதிராகச் சதி என்று பலர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். அக்காலத்தில் இங்கே ஊழியம் செய்த பால்டேயஸ் பாதிரியார் தமது நூலில் அதை மெய்யான சதியாகவே எழுதினார். அந்தச் சதியோடு சேர்த்துப் பேசப்படும் பூதத்தம்பியோ, எங்கள் நாட்டுக்கூத்தில் அந்திராசி என்பவனின் வஞ்சகத்தால் சாகிற குற்றமற்றவன். இரண்டையும் வெவ்வேறு தாளில் எழுதி, பாதிப்பேருக்கு ஒன்றும் மிச்சப்பேருக்கு மற்றதுமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். எது மெய் என்று நீரும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டாம். தீர்ப்பு நிறைவேற மூன்று நாள் தவணை வையும். வீரர்கள் சாட்சிகளைத் தேடிப் போவதற்கு அது போதும்.

எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பும்.

அன்புடன்,
அண்ணா