ஈரம் புகாத இணைப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பெரிய காஞ்சிபுரத்தில் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்கிறோம். மழை வலுக்கும் இரவில்தான் மருத்துவரையோ உறவினரையோ அவசரமாக அழைக்க நேரிடும். அவ்வேளையில் தொலைபேசி கரகரக்கும், இணையமும் நின்றுவிடும். பல வேளைகளில் இதற்குக் காரணம், கம்பிகளை இணைத்த இடத்தில் புகுந்த சிறிதளவு ஈரமே ஆகும்.

பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் இணைப்பது கோர்வை. நம் ஊர் நெசவாளர் அதில் மிகுந்த கவனம் செலுத்துவர். கம்பிக்கும் அத்தகைய கவனம் தேவை. நீண்ட கம்பியை அதன் உறை காக்கிறது. உறையை நீக்கி இணைத்த இடத்திலோ காவல் இல்லை.

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது எனப் படித்திருக்கிறோம். ஆனால் சுவரிலும் தூசியிலும் வழிந்து வரும் மழைநீரில் உப்புகள் கரைந்திருக்கும். அந்நீர் இரு கம்பிகளுக்கிடையே பாலமாகி மின்னோட்டத்தைக் கசியவிடும். அத்துடன், நேர்மின் பக்கத்துச் செம்பு மெல்லக் கரையும். ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் மின்னாற்பகுப்பே இது. இதனை உணர்ந்தே தொலைபேசி நிலையங்களில் 48 வோல்ட் மின்கல அடுக்கின் நேர்முனையைப் பூமியுடன் இணைத்தனர். அதனால் கம்பி எதிர்மின் நிலையில் இருக்கும், அரிப்பும் குறையும்.

ஈரத்தைத் தடுக்கும் முயற்சி பழமையானது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு, மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவே உறையாயிற்று. பின்னர் ஈய உறையிட்ட கேபிள்களுள் உலர்ந்த காற்றை அழுத்தி நீரைத் தடுத்தனர். அதன் பின் பசை போன்ற ஜெல்லி நிரப்பிய கேபிள்கள் வந்தன. 2020இல் சென்னையையும் அந்தமானையும் கடலடியில் இணைத்த கண்ணாடி இழைக் கேபிளுக்கும் நீர்க்காப்பு வேண்டும். கண்ணாடியின் நுண்ணிய கீறல்களை ஈரம் வளர்த்துவிடும்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை யாவை?

1. இணைப்பு மழையில் தொங்கலாகாது. மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கம்பி நுழையும் துளை பெட்டியின் அடிப்புறத்தில் அமைய வேண்டும்.

2. சுவருக்குள் நுழையுமுன் கம்பி சற்றுக் கீழே வளைந்து தொங்கட்டும். வழிந்து வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

3. வெளிப்புற இணைப்புக்கு ஜெல்லி நிரம்பிய இணைப்பானே ஏற்றது. டேப்பை மட்டும் சுற்றினால், நாளடைவில் நீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடும்.

4. பச்சை படிந்த செம்பின் மீது புதிய இணைப்புச் செய்யலாகாது. பளபளக்கும் பகுதி தெரியும்வரை வெட்டிய பின்னரே இணைக்க வேண்டும்.

இவ்வேலைகளைப் பெரியோரும் பணியாளரும் செய்யட்டும். தொலைபேசி மணி ஒலிக்கையில் கம்பியில் மின்னழுத்தம் உயரும். ஆகவே ஈரக் கையால் தொடலாகாது. மின்கம்பத்தின் அருகே செல்லவும் கூடாது. பார்த்துச் சொல்லும் பணியை நாம் ஏற்போம். புரட்டாசியிலேயே வீட்டுப் பெட்டியைக் கவனித்துக் குறையிருப்பின் தெரிவித்தால், அடைமழை நாளிலும் அவசர அழைப்பு உரியவரைச் சென்றடையும்.