எந்தப் படத்தை யாருடன் பார்ப்பது?

புதிதாக வந்த படத்தைப் பார்த்துத் திரும்பியவரிடம் "எப்படி?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்றோ, "இடைவேளை வரை பரவாயில்லை" என்றோ, "ரொம்ப இழுத்துவிட்டான்" என்றோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வந்து விழும்; அவர் அன்று யாருடன் போனார், என்ன மனநிலையில் போனார், மறுநாள் காலையில் அலுவலகம் இருந்ததா என்பனவெல்லாம் அதனுள் கலந்திருப்பதால், அத்தீர்ப்பு அவரளவில் முற்றிலும் உண்மையாகவும் நமக்குச் சிறிதும் பிரயோஜனமற்றதாகவும் இருப்பது சகஜம். ஆதலால், சமீப ஆண்டுகளில் தமிழில் வெளிவந்து ஜனங்களால் பேசப்பட்ட சில படங்களையும் தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இன்ன வீட்டாருக்கு இன்ன வேளையில் இன்னது பொருந்தும் என்று சொல்லிப் பார்க்க விரும்புகிறேன். இன்றிரவு கூடத்தில் யார் யார் உட்காரப் போகிறார்கள், அவர்களிடம் எவ்வளவு நேரமும் பொறுமையும் மிச்சம் இருக்கின்றன என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், தேர்வில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

2024 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வெளியான 'லப்பர் பந்து', 'மெய்யழகன்' என்னும் இரண்டையும் "குடும்பத்தோடு பார்க்கலாம்" என்றே எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். குடும்பம் என்றால் எந்தக் குடும்பம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. தமிழரசன் பச்சமுத்து எடுத்த 'லப்பர் பந்து', மனைவிக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து கிரிக்கெட் ஆடும் நடுவயது மனிதர் ஒருவரையும், மைதானத்தில் அவரோடு மோதிக்கொண்ட பிறகே தான் காதலிக்கும் பெண் அவர் மகள் என்று அறிகிற இளைஞன் ஒருவனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, அவர்களுடைய வீம்பைக் கொண்டே கதையை நகர்த்துகிறது. ஊர் அணியில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதைச் சாதி எப்படித் தீர்மானிக்கிறது என்ற கசப்பான விஷயத்தையும் அது சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் சொற்பொழிவு ஆற்றாமல், ஆட்டத்தின் போக்கிலேயே சொல்லிவிடுகிறது. நடுவில் ஒருவர் எழுந்துபோய்த் தோசை வார்த்துவிட்டு வந்தாலும், கைக்குழந்தை அழுதாலும், கிரிக்கெட்டே அறியாத பாட்டி "இப்போது யார் ஜெயிக்கிறார்கள்?" என்று மூன்று முறை கேட்டாலும் இந்தப் படத்துக்கு ஒரு குறையும் நேராது.

'மெய்யழகன்' அப்படிப்பட்டதன்று. சொத்துத் தகராறில் 1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே தம்மை "அத்தான், அத்தான்" என்று கொண்டாடுகிற உறவினனின் பெயர்கூட நினைவுக்கு வராமல், அதைக் கேட்கவும் கூசி, ஓர் இரவு முழுவதையும் அவனோடு கழிக்கிறார். கதை இவ்வளவுதான். சி. பிரேம்குமார் இதைச் சம்பாஷணையாலேயே நிரப்பியிருக்கிறார். நீளம் என்று குறை எழுந்ததால், வெளியான சில நாட்களுக்குள்ளேயே சுமார் 18 நிமிடங்கள் திரையரங்குப் பிரதியிலிருந்து நீக்கப்பட்டன. எனக்கோ அந்த நீளமே அதன் ஜீவன் என்று தோன்றுகிறது. மணமேடையில் அண்ணன் தங்கைக்குத் தான் வாங்கி வந்த நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டும் காட்சியை அவசரமில்லாமல் காட்டியிராவிட்டால், அந்தக் கண்ணீருக்குக் காரணமே இராது. ஆகவே இதைப் பத்துப் பேர் கூடிய கூடத்தில் போட வேண்டாம். பூர்விக வீட்டை விட்டு வந்தவர்கள், கூடப் பிறந்தவர்களோடு நெடுநாள் பேசாதிருப்பவர்கள், இருவர் மூவராக, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய படம் இது. பெரிய குடும்பமும் வேண்டும், மென்மையும் வேண்டும் என்பவர்களுக்கு, ராமேசுவரம் வழியாகக் கள்ளத்தனமாய் வந்து சென்னையில் குடியேறும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இருக்கிறது. அதன் நல்ல மனம் சில இடங்களில் சர்க்கரை சற்று மிகுந்த பாயசமாகிவிடுகிறது என்றாலும், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தேர்வு உண்மையிலேயே கடினமாவது 2024 ஆகஸ்டு 23 அன்று, ஒரே நாளில், வந்த இரண்டு படங்களிடையேதான். மாரி செல்வராஜின் 'வாழை', பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' ஆகிய இரண்டுமே தென்மாவட்டத்து எளிய ஜனங்களைப் பற்றியவை. இரண்டுமே மனத்தைப் பிசைபவை. ஒன்றைப் பார்த்து மனம் நெகிழ்ந்தவர் மற்றொன்றைப் பாதியில் நிறுத்திவிட்டதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். 'வாழை'யில், பள்ளி விடுமுறை நாளிலும் சேற்றில் இறங்கி வாழைத்தார் சுமக்க வேண்டியிருக்கிற சிறுவன் ஒருவன், சுமை தூக்காமல் தப்புவதற்கு என்னென்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கிறான்; பூங்கொடி டீச்சரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான்; ரஜினியா கமலா என்று நண்பனோடு சண்டை பிடிக்கிறான். தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்பதே அவ்வூரில் பெரிய வழக்காகிவிடுகிறது. இயக்குநர் தம் பால்யத்தில் கண்ட விபத்து ஒன்றை மையமாகக் கொண்டு எடுத்த படமாதலால், சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே போகிறவர் எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்பதை ஊகிக்கத் தெரிந்தவர்கள் முன்னாலேயே கலங்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஊகிக்காதவர்களுக்குச் சந்தோஷ் நாராயணனின் இசை குறிப்புக் காட்டுகிறது. அழுது முடித்தபின் நெஞ்சம் ஓரளவு இலேசாவதும் உண்டு.

'கொட்டுக்காளி' அந்த உபகாரத்தைச் செய்வதில்லை. வேறு சாதிப் பையனைக் காதலித்த மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக எண்ணி, அவளை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி, பலிகொடுக்கச் சேவலொன்றையும் கூட எடுத்துக்கொண்டு, சாமியாடியிடம் அழைத்துப்போகும் ஒரு பகற்பொழுதே படம் முழுவதும். பின்னணி இசை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் சிறகடிப்பு, தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு மாமனாக வரும் சூரியின் கம்மிய குரல், இவைதாம் நமக்குக் கேட்பவை. மீனாவாக நடித்த அன்னா பென் ஏறக்குறைய ஒன்றுமே பேசுவதில்லை. வழியில் ஒலித்த சினிமாப் பாட்டு ஒன்றை அவள் தன்னையறியாமல் முணுமுணுத்தாள் என்பதற்காக, மணக்கக் காத்திருக்கும் மாமன் வெறிகொண்டு அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடிக்கும் இடத்தில், அதுவரை சிரிப்புக்குரியவனாகத் தெரிந்த மனிதனைக் கண்டு நாம் அஞ்சத் தொடங்குகிறோம். பிறகு ஓரிடத்தில் வழியை மறித்து நிற்கும் காளையை அத்தனை ஆண்பிள்ளைகளாலும் அசைக்க முடியாமற்போக, ஒரு சிறுமி வந்து சர்வசாதாரணமாக ஓட்டிச் செல்கிறாள். அதற்கு விளக்கவுரை எதுவும் படத்தில் இல்லை. முடிவையும் நம் கையிலேயே கொடுத்துவிட்டு இயக்குநர் விலகிக்கொள்கிறார்.

கலையென்று பார்த்தால் 'கொட்டுக்காளி'யே ஒரு படி மேல் என்று நான் கருதுகிறேன். ஆயினும், வருஷத்தில் இரண்டு மூன்று படங்களுக்கு மேல் பார்க்காத ஒருவர் என்னைக் கேட்டால் 'வாழை'யையே சொல்வேன். 'கொட்டுக்காளி'யைத் தேர்ந்தெடுப்பவர்கள் தனியாகவோ, படம் முடிந்ததும் விவாதிக்கப் பிரியப்படும் ஒருவரோடோ பார்க்கட்டும். சமையலறையில் மிக்ஸி ஓடுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம், ஏனெனில் பாதிப் படம் காதுக்கானது. 'மகாராஜா' (2024) பற்றி ஒரு வார்த்தை: கதைப் பின்னலின் சாமர்த்தியத்துக்காக அதை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழ்ச்சியும் தகும், ஆனால் குப்பைத்தொட்டி காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்கும் வேடிக்கையில் தொடங்குவதை நம்பிக் குழந்தைகளை அருகில் உட்காரவைத்தவர்கள், போகப் போகத் தர்மசங்கடத்துக்கு ஆளாவார்கள்.

இனித் தொடர்கள். எட்டுப் பகுதி கொண்ட தொடர் ஒன்றுக்கு இரண்டு மூன்று திரைப்படங்களின் நேரம் ஆகும்; ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஒரு திடுக்கிடலை வைத்து நம்மை இரவு ஒரு மணி வரை உட்காரவைக்கும் தந்திரமும் அவற்றுக்குக் கைவந்திருக்கிறது. தமிழில் பேசப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கொலையையும் துப்பறிதலையும் பற்றியவை என்பதால் தேர்வு மேலும் குழப்பமாகிறது. புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்' (2022) மலையடிவாரத்துச் சிற்றூரில் ஆலை ஒன்று தீப்பற்றுவதையும் அதே இரவில் தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமற்போவதையும், மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு இணைத்துச் சொல்கிறது. வேஷங்களும் பறையொலியும் கதைக்கு அலங்காரமாக நில்லாமல் அதன் அர்த்தத்தோடு கலந்துவிடுவது அதன் தனிச்சிறப்பு. 2025-இல் வந்த இரண்டாம் பருவம் அந்த உத்தியையே மீண்டும் கையாள்வதால், முதலாவதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு நஷ்டம் அதிகமில்லை. ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கத்தில் கொலையுண்ட வெலோனி என்னும் பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு ஒரு போலீஸ் அதிகாரி நிலைகுலைவதைக் காட்டுகிறது, எஸ். ஜே. சூர்யா அடங்கி நடித்திருப்பதே ஓர் அதிசயம். வேகம் வேண்டுமானால் 'சுழல்', நிதானம் வேண்டுமானால் 'வதந்தி', திருச்சிப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றின் அன்றாட வேலையை அருகிருந்து காண ஆசையானால் விமல் நடித்த 'விலங்கு'. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றின் பிணம் மற்றொன்றில் கிடப்பதுபோல் மனத்தில் கலந்துவிடும்.

தொலைக்காட்சியின் அன்றாட நெடுந்தொடர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுவது படித்தவர்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வமே இயக்கிய 'எதிர்நீச்சல்' தொடரில், வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தபோது, திண்ணையில் உட்கார்ந்த ஆண்களும் அதைப் பார்த்தார்கள் என்பது பொய்யன்று. 2023 செப்டம்பரில் அவர் காலமான பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். தொடர் 2024 வரை நடந்தது. ஆனால் தினந்தோறும் குறித்த நேரத்தில் உட்காரும் வழக்கமுடைய வீட்டுக்கே இது ஏற்றது. மொத்தமாகப் பின்னோக்கிப் பார்க்க முயல்கிறவர்களுக்கு ஆயுள் போதாது.

கொலையும் வேண்டாம், நெடுந்தொடரும் வேண்டாம் என்பவர்களுக்கு ஜீ5-இல் 2023 ஜனவரியில் வந்த 'அயலி' இருக்கிறது. பூப்பெய்திய பெண் பள்ளிக்குச் செல்லலாகாது, உடனே மணம் முடித்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தெய்வத்தின் பெயரால் காத்துவரும் வீரபண்ணை என்ற கிராமத்தில், டாக்டராக விரும்பும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள். மகளின் பொய்க்குத் தாய் உடந்தையாகும் இடத்திலிருந்து கதை சூடு பிடிக்கிறது. எட்டுப் பகுதிகளும் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். இடையில் ஊர்ப்பெரியவர்கள் பேசும் நியாயங்கள் சற்றுக் கேலிச்சித்திரமாக இருப்பினும், அதைக் கண்டு சிரிக்கிற பெண்குழந்தைகளுக்கு அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற மகள் உள்ள வீட்டில் தாயும் மகளும் மட்டும் பார்க்க வேண்டும் என்று சிலர் ஏற்பாடு செய்கிறார்கள். தகப்பனாரையும் முதல் பகுதிக்கு வற்புறுத்தி உட்காரவைப்பது நல்லது, இரண்டாவது பகுதிக்கு வற்புறுத்த வேண்டியிராது.