சட்டைப்பைப் பேனா

மாணவர்களே, உந்துதண்டுப் பேனாவின் பின்முனையில் ஒரு குமிழ் உண்டு. அதனைத் திருகினால் உள்ளிருக்கும் தண்டு முள்ளை நோக்கி நகரும். முள்ளை மையில் தோய்த்து எதிர்ப்புறம் திருகினால், தண்டு பின்வாங்கி மையை உள்ளிழுக்கும். மருந்தேற்றும் ஊசிக்குழலின் செயலும் இதுவே. 1929ஆம் ஆண்டு ஜெர்மனியில் பெலிக்கான் என்னும் பெயரில் இத்தகைய பேனா வெளிவந்தது.

சட்டைப்பையில் அடங்கும் சிறு பேனாவை வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தண்டும் திருகும் பேனாவின் உடலுக்குள்ளேயே இடம் கொள்கின்றன. உடல் குறுகக் குறுக, மைக்கு எஞ்சும் இடமும் குறையும். நானும் பேனாவின் அழகை மட்டும் கண்டு வாங்கினேன். பி.எட். தேர்வில் இறுதிக் கட்டுரையின் நடுவே மை தீர்ந்தது. மாற்று மைக்குழலை இதில் பொருத்த இயலாது; மைப்புட்டியோ விடுதி அறையில் இருந்தது.

ஆதலால் மையின் அளவு வெளியே தெரியும் பேனாவைத் தேர்ந்தெடுங்கள். மூடியைப் பின்முனையில் செருகி, கடையிலேயே நான்கு வரி எழுதிப் பாருங்கள். செருகாவிடில் சிறு பேனா கைக்குள் நிலையாக அமர்வது அரிது. திருகுமூடி உள்ளதே நன்று, சட்டையும் தப்பும். நுண்முனை முள் மையைச் சிக்கனமாகச் செலவிடும். நம் ழகர, ணகரச் சுழிகளும் அதில் தெளிவாக அமையும்.

பயிற்சி: சிறிய உந்துதண்டுப் பேனாவில் மை குறைவாகக் கொள்வது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.