அவனைப் பறக்க விடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பக்கங்களைக் கதைக்காக ஒருமுறையும் கோடுகளுக்காக ஒருமுறையும் படித்தேன். கோடு கைக்கு வந்துவிட்டது. ஏலத்தோட்டத்துக்குள் பகலிலும் கவிந்திருக்கும் அந்த நிழலை வெறும் கறுப்பு மையில் கொண்டுவந்திருக்கிறாய், சந்தோஷமாக இருந்தது. ஆனால் முதல் பக்கத்திலேயே உன் வீரன் போடியில் கிளம்பி, மலைக்கு மேலே பறந்து, மூன்றாவது கட்டத்தில் போடிமெட்டில் இறங்கிவிடுகிறான். அந்த ஒரு தாவலில் மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் வீணாகப் போய்விட்டன. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனை வருஷமாக நிலைத்து நிற்கும் வீரர்களைக் கவனித்துப் பார். அவர்களால் எது முடியாதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் கதை நகரும். இதற்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம், சிவகாசி போதும். 1972-ல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தவன் இரும்புக்கை மாயாவி. பிறந்தது பிரிட்டனில், 1962-ல் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது.

ஓவியனாக இதை யோசி. கண்ணுக்குத் தெரியாத ஆளை எப்படி வரைவாய்? காலிக் கட்டத்தை வாசகன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பான்? அந்தக் கை மிச்சமிருப்பதால்தான் பிளாஸ்கோவுக்கு வரைய ஒன்று கிடைத்தது. கதவுப் பிடியைத் திருகும் கை, அந்தரத்தில் நின்று ஒருவன் கழுத்துப் பக்கம் நீளும் கை. முகமே இல்லாத மனிதனுடைய கோபத்தையும் அவசரத்தையும் விரல் மடங்குகிற விதத்திலேயே காட்டிவிட்டார். எதிரியின் கண்ணிலும் அந்தக் கை பட்டுவிடும் என்பதால் எப்போது மாட்டிக்கொள்வானோ என்ற பயம் விடாமல் கூடவே வருகிறது. மின்சாரத்தின் வேகம் தணிந்துவிட்டால் உருவமும் வெளியே தெரிந்துவிடும். மறுபடி மின்கம்பியைத் தேடி ஓட வேண்டும். ஒரே ஒரு குறை, ஓவியனின் சிக்கலையும் கதாசிரியனின் சிக்கலையும் சேர்த்துத் தீர்த்துவிட்டது. இதைவிடப் பெரிய பாடம் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உன் வீரனிடம் வா. அவனிடமிருந்து பறப்பதைப் பிடுங்கிவிடு. என்ன மிஞ்சுகிறது பார். விடியுமுன் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் மிஞ்சுகிறது. ஒவ்வொரு வளைவிலும் கீழே விளக்குப் புள்ளிகளாகச் சிறுத்துக்கொண்டே போகும் போடி மிஞ்சுகிறது. வளைவுக்கு வளைவு மாறும் குளிர், மேலே ஏறியதும் எதிரே நிற்பது மனிதனா மரமா என்று தெரியாத மூடுபனி, தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ். கீழே மழை மறைவில் காய்ந்து கிடக்கும் மண், மெட்டைத் தாண்டினால் ஈரம் சொட்டும் காடு. வில்லன் மூன்றாவது வளைவில் இருக்கிறான், இவன் பத்தாவது வளைவில் நிற்கிறான் என்றால் அங்கேயே ஒரு கதை இருக்கிறது. பறக்கிறவனுக்கு இது எதுவும் தேவைப்படாது. அவனுக்குப் போடியும் ஒன்றுதான், நியூயார்க்கும் ஒன்றுதான்.

சினிமாவில் நின்ற வீரர்களும் இப்படித்தான். 1978-ல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில், சூப்பர்மேனின் காதலி லோயிஸின் வீட்டுக்குள் கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றும் இடத்தைத் தேடிப் பார். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் கனக்கிறது. அவள் திரும்பி வருவதற்குள் மறுபடி குறுகிவிடுகிறார். எந்தத் தந்திரக் காட்சியும் இல்லாமல் ஒரே உடம்பில் இரண்டு ஆட்களைப் பார்க்கிறோம். உடம்பின் வளைவிலேயே ஆளைச் சொல்லும் இது அப்படியே நம் தொழில். உன் கதையின் தோட்டத்தையே எடுத்துக்கொள். ஏலச் செடி ஆளைவிட உயரமாக வளரும். காயோ அடித்தூரில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். அதனால் காய் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். உன் வீரனின் அம்மா காயெடுக்கப் போகிறவர் என்று எழுதியிருக்கிறாய். படத்தில் அவர் நிமிர்ந்து நின்று இடுப்பளவுச் செடியிலிருந்து பறிக்கிறார்! ஒருநாள் அவர்களோடு போய் உட்கார்ந்து வரைந்து பழகு. நாள் முழுக்க மடங்கிக் கிடந்த அந்த முதுகு சாயங்காலம் நிமிர்வதைச் சரியாக வரைந்துவிட்டால், வீரன் யார் வயிற்றில் பிறந்தவன் என்று நீ வசனம் எழுத வேண்டியதில்லை.

மலைக்கு அந்தப்பக்கத்து மலையாளிகள் 2021-ல் ‘மின்னல் முரளி’ எடுத்தார்கள். பேசில் ஜோசப் இயக்கிய படம். ஊர்த் தையற்காரனையும், ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய ஒருவனையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் சக்தி வந்துவிடுகிறது. அந்த இரண்டாமவனாக நம் குரு சோமசுந்தரம் நடித்தார். அத்தனை சக்தியும் வந்த பிறகும் அவனுக்கு வேண்டியிருப்பது, ஆயுசு முழுக்கக் காத்திருந்த ஒரே ஒரு பெண். வில்லனுக்காக நெஞ்சு கலங்குகிற சூப்பர் ஹீரோ படம் அபூர்வம். 2023-ல் மடோன் அஷ்வின் இயக்கிய ‘மாவீரன்’ உனக்கு இன்னும் நெருக்கம். நாயகன் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன், பயந்தவன். அவன் படைத்த வீரனின் குரல் அவன் காதுக்கு மட்டும் கேட்கிறது. சக்தி வந்துவிட்டதே என்று அவன் துள்ளுவதில்லை, விட்டால் போதும் என்று தவிக்கிறான். இரண்டு படத்திலும் ஊரைப் பெயர்த்தெடுத்துவிட்டால் கதை இல்லை.

சினிமா என்றதும் உரிமை பற்றி இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பைடரை உனக்குத் தெரியும். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக வந்து தமிழ்ப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டவன். குற்றவாளிகளின் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடியவன். 1966-லிருந்து அந்தக் கதைகளை எழுதியவர் ஜெரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938-ல் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் பல வருஷம் வழக்காடியும் உரிமை திரும்பவில்லை. பெரிய சூப்பர்மேன் படம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் சக ஓவியர்கள் குரல் கொடுத்த பிறகுதான், 1975-ல் வருடாந்திர உதவித்தொகையும் படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

யாராவது உன் வீரனைப் படமாக்கக் கேட்டால், வாய்ப்பேச்சில் தலையாட்டாதே. நம் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்று கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘என்றைக்கும்’, ‘உலகமெங்கும்’ என்ற வார்த்தைகள் ஒப்பந்தத்தில் இருந்தால், வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. படக்கதைக்கு ஓர் உரிமை, சினிமாவுக்கு வேறொன்று, பொம்மைக்கும் சட்டைக்கும் வேறொன்று. தனித்தனியாக எழுதி வாங்கு. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில், அந்த வேலையாக வரைந்தது பொதுவாக முதலாளிக்கே சொந்தம். அதனால் இவனை உன் வீட்டு மேசையில், உன் நேரத்தில் வரை. தேதி போட்டு வை.

முதல் எட்டுப் பக்கங்களை மாற்றி வரைந்து அனுப்பு. மையிட வேண்டாம், பென்சிலில் இருந்தால் போதும், திருத்தச் சுலபம். ஜீப் எந்த வளைவில் நிற்கிறது என்று பக்க ஓரத்தில் குறித்திரு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்