ஃப்ரேம்வொர்க் என்றாலே டைனமிக்கா?

நம்பிக்கை: ‘ஃப்ரேம்வொர்க்’ என்று பெயர் முடிந்தால் அது டைனமிக் லைப்ரரிதான்.

மதுரங்குளியில் ஐபோன் செயலி எழுதப் பழகும் பிள்ளைகள் இதை உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மை அப்படியல்ல. ஃப்ரேம்வொர்க் ஒரு கோப்புறை மட்டுமே; உள்ளே இருப்பது ஸ்டாட்டிக்காகவும் இருக்கலாம், டைனமிக்காகவும் இருக்கலாம். 2019இல் வந்த எக்ஸ்சிஃப்ரேம்வொர்க்கும் இப்படித்தான். குழப்பம் வந்த வழி ஓரளவு புரிகிறது. 2014இல் ஐஓஎஸ் 8 வந்த பிறகுதான் வெளியார் செயலிகள் தமக்கென டைனமிக் ஃப்ரேம்வொர்க்கைக் கொண்டுபோக முடிந்தது. ஸ்விஃப்ட் மொழியில் ஸ்டாட்டிக் லைப்ரரி கட்டவோ 2017இல் எக்ஸ்கோட் 9 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கற்றவர்கள் கற்பித்ததுதான் இன்னும் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

மெக் கணினியின் டெர்மினலில் ‘ஃபைல்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கோப்புறைக்கு அல்ல, அதற்குள் அதே பெயரில் கிடக்கும் நிரல் கோப்புக்கு. பதிலில் ‘ஏஆர் ஆர்க்கைவ்’ என்று வந்தால் ஸ்டாட்டிக். ‘டைனமிக்கலி லிங்க்டு ஷேர்ட் லைப்ரரி’ என்று வந்தால் டைனமிக். இதைத் தெரிந்துகொள்ளாமல் எக்ஸ்கோடில் ‘எம்பெட்’ தெரிவைத் தொடாதீர்கள். ஸ்டாட்டிக் நிரல் லிங்க் செய்யும்போதே செயலிக்குள் கலந்துவிடுகிறது. அதைத் தனியே எம்பெட் செய்யத் தேவையில்லை. டைனமிக்கை எம்பெட் செய்ய மறந்தாலோ, செயலி திறக்கும்போதே நின்றுவிடும்.

நம்பிக்கை: டைனமிக் என்றால் பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும், இடம் மிச்சம்.

ஐபோனில் அது ஆப்பிளின் சொந்த லைப்ரரிகளுக்கே பொருந்தும். நீங்கள் சேர்க்கும் லைப்ரரி உங்கள் செயலியின் வேலியைத் தாண்டாது. அதே லைப்ரரியைப் பத்துச் செயலிகள் பயன்படுத்தினால் பத்துப் பிரதிகள். அதோடு டைனமிக் முழுதாக வந்து உட்காரும். ஸ்டாட்டிக்கில் வேண்டிய பகுதியை மட்டும் லிங்கர் எடுத்துக்கொள்ளும். டைனமிக் லைப்ரரிகளின் எண்ணிக்கை கூடினால் செயலி திறப்பதும் தாமதமாகும். வெளி டைனமிக் லைப்ரரிகளை ஆறு அளவில் நிறுத்தும்படி ஆப்பிள் தன் 2016 டெவலப்பர் மாநாட்டில் சொன்னது அதனால்தான்.

பகிர்வு பலன் தரும் இடம் ஒன்று உண்டு, அது தமிழருக்கு நெருக்கமானது. முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற ஒரு விசைப்பலகைச் செயலியைக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஐஓஎஸ் 8 வெளியார் விசைப்பலகைகளுக்கும் வழி திறந்தது. அதில் செயலி ஒரு நிரல், விசைப்பலகை எக்ஸ்டென்ஷன் வேறொரு நிரல். சொல் பரிந்துரைக்கும் பகுதி இரண்டுக்கும் தேவையானால், ஸ்டாட்டிக்கில் இரண்டு பிரதி ஏறும். டைனமிக்கில் ஒன்றே போதும்.

அண்ட்ரொய்டில் ‘.எஸ்ஓ’ டைனமிக், ‘.ஏ’ ஸ்டாட்டிக், இங்கே பெயரை நம்பலாம். கவனிக்க வேண்டியது வேறு: உங்கள் செயலியில் ஒன்றுக்கு மேற்பட்ட எஸ்ஓ கோப்புகள் சி பிளஸ் பிளஸ் மொழியின் அடிப்படை லைப்ரரியைப் பயன்படுத்தினால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்டாட்டிக் பிரதியை வைக்காமல் பகிரப்படும் வடிவத்தையே தெரிவுசெய்யுங்கள்.