முகாமுக்கு முன் பட்டியல்: மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஒன்றிய அளவில் திட்டமிடுவது எப்படி?

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து சோதிக்கும் மருத்துவக் குழு, மாவட்ட இடையீட்டு சேவை மையம், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், நல அலுவலகம் தரும் பராமரிப்பு உதவித்தொகை, அண்மையில் வந்த விழுதுகள் மையம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கையில் இருக்கிறது, துறைக்கொரு பட்டியலும் இருக்கிறது. ஒரு பட்டியலில் இருக்கும் பிள்ளை இன்னொன்றில் இருக்காது. ஆகவே திட்டமிடுபவரின் முதல் வேலை, இருப்பவற்றை எந்த மட்டத்தில் கோப்பது என்று முடிவு செய்வதுதான். மாவட்டம் மிகப் பெரிது. கிராம ஊராட்சியோ, ஒரு பயிற்றுநரை அமர்த்தும் அளவுக்குப் பெரிதல்ல. வட்டாரக் கல்வி அலுவலரும் வட்டார மருத்துவ அலுவலரும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும் ஒரே எல்லைக்குள் கிடைக்கும் இடம் ஊராட்சி ஒன்றியம்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது பட்டியல். “எங்களிடம் கணக்கெடுப்பு இருக்கிறதே” என்று அலுவலகத்தில் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 19 வயது வரையிலானவர்களில் 1.7 விழுக்காட்டினரே மாற்றுத்திறனாளிகள். யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட மதிப்பீடோ, உலகில் பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு ஏதோவொரு குறைபாடு இருப்பதாகச் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் 25,000 பேர் உள்ள ஒன்றியத்தில் முதல் கணக்கு 425 குழந்தைகளைக் காட்டும். இரண்டாவது 2,500 பேரை. இவ்வளவு இடைவெளிக்கு, கேட்கும் கேள்வி ஒரு முக்கியக் காரணம். வாசலில் நின்று “வீட்டில் ஊனமுற்ற பிள்ளை உண்டா?” என்றால் பெரும்பாலான தாய்மார் இல்லை என்றுதான் சொல்வார்கள். “மற்ற பிள்ளைகளைப் பார்க்கையில் இவனுக்கு நடக்க, காதில் வாங்க, சொன்னதைப் புரிந்துகொள்ள, நினைவில் வைக்கச் சிரமம் உண்டா? கொஞ்சமா, ரொம்பவா?” என்று கேட்டால் பதில் வரும். யுனிசெஃபும், குறைபாடு பற்றிய புள்ளிவிவர முறைகளை வகுக்கும் வாஷிங்டன் குழுவும் 2016இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான வினாத்தொகுப்பு இந்த முறையில் அமைந்ததுதான். அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து இதைக் கேட்கட்டும். அந்தப் பதில்களை பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் மாணவர் பதிவோடும் உதவித்தொகைப் பட்டியலோடும் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். உதவித்தொகை வாங்கியும் எந்தப் பள்ளியிலும் பெயரில்லாத பிள்ளைகள் யார் என்பது அப்போது தெரிந்துவிடும். அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அரசுப் பணத்தை எப்படிச் செலவிடுவது, தணிக்கை கேட்காதா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு சில குறிப்பிட்ட சலுகைகளுக்கானது. பிற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வழிசெய்ய வேண்டும் என்ற 16ஆம் பிரிவு அந்த வரம்பைக் கேட்கவில்லை. இரண்டு வயதில் பேச்சு வராத குழந்தையைச் சான்றிதழுக்காக ஓராண்டு நிறுத்திவைத்தால், பயிற்சி அதிகம் பலன் தரும் காலம் கைவிட்டுப் போகும். சான்றிதழ் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், பயிற்சி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்டவர்களைப் பட்டியலின் தலையில் வையுங்கள்.

மூன்றாவதாக, தூரத்தைக் கணக்கில் எடுங்கள். பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது இதில்தான். கடும் பாதிப்புள்ளோருக்கும் அறிவுசார் குறைபாடுள்ளோருக்கும் மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பிறகு தாய் பிள்ளையை மையத்துக்கு அழைத்துவர என்ன தடை என்று கேட்பவர்கள் உண்டு. வாரம் இருமுறை பயிற்சி என்றால் மாதத்தில் எட்டு நாள் கூலி போகும். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு நாளுக்கு 2,688 ரூபாய். பேருந்துச் செலவைச் சேர்க்காமலே உதவித்தொகை கரைந்துவிட்டது. மூன்றாம் மாதம் அந்தத் தாய் வராமல் போனால் அதை அக்கறையின்மை என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம். பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும்தான் பயணம் போக வேண்டும். ஒன்றியத்தை ஐந்து தடமாகப் பிரித்து, கிழமைக்கொரு தடம் என்று வைத்து, தடத்துக்கொரு பள்ளியிலோ அங்கன்வாடியிலோ அறை ஒதுக்குங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே பயிற்சியைக் கொண்டுபோய், இது நடக்கக்கூடியதுதான் என்று காட்டியிருக்கிறது.

உபகரணங்களும் இந்தத் தடத்தோடு சேர்ந்தவை. முகாமில் காது கேட்கும் கருவி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடிவதில்லை. குழந்தை வளர வளரக் காதின் அளவு மாறும். காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்தால் கருவி விசிலடிக்கும், பிள்ளை பிடுங்கி எறியும், அதன்பின் அது பீரோவில் தூங்கும். சின்னஞ்சிறு குழந்தைக்குச் சில மாதங்களுக்கொரு முறை புது அச்சு தேவை, பேட்டரியும் தேவை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் பெரியவர்களுக்கான சக்கர நாற்காலியில் உட்காரவைத்தால் சரிந்துதான் கிடக்கும். வாங்கும் செலவுக்குப் பக்கத்திலேயே பராமரிப்புச் செலவுக்கும் ஒரு வரி எழுதாத வரவுசெலவுத் திட்டத்தை ஏற்காதீர்கள்.

பள்ளிக்கு வருவோம். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குப் பதினெட்டு அடி வேண்டும். ஆறடியில் செங்குத்தாகக் கட்டி, ‘சாய்தளம் உண்டு’ என்று படிவத்தில் குறித்துவிடுவது நம் வழக்கம். நாடாவை எடுத்துப்போய் அளந்து பாருங்கள், கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைகிறதா என்றும் பாருங்கள். ஆசிரியர் கணக்கும் கட்டாயம்: தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. சிறப்புப் பள்ளியே நல்லது என்ற வாதம் சில குழந்தைகளுக்குச் சரிதான்; சைகை மொழிச் சூழல் தேவைப்படும் குழந்தைக்கு அங்கே கிடைப்பது ஊர்ப் பள்ளியில் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒன்றியத்துக்கொரு சிறப்புப் பள்ளி இல்லாத நிலையில் அந்த வாதம் பிள்ளையை வீட்டிலேயே இருத்திவிடுகிறது. ‘இல்லம் சார்ந்த பயிற்சி’ என்று எழுதப்படும் ஒவ்வொரு பெயருக்கும் ஆறு மாதத்துக்கொரு முறை மறுபரிசீலனைத் தேதி போடுங்கள்.

பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்குத் தனித் தாள் வைத்து, தொழிற்பயிற்சியையும், தேவைப்படுவோருக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் நியமனத்தையும் முன்கூட்டியே தொடங்குங்கள்.

கடைசியாக, எதை எண்ணுவது? முகாம்களையும் அடையாள அட்டைகளையும் எண்ணுவது எளிது. அதற்குப் பதிலாக, இந்த மாதம் ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை மணி நேரப் பயிற்சி கிடைத்தது, எத்தனை நாள் பள்ளிக்கு வந்தது என்று எண்ணுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை, குழந்தைகளின் பெயரை வெளியிடாமல், அடுத்து வரும் கிராம சபையில் வாசியுங்கள். கேள்வி கேட்க உரிமையுள்ள பெற்றோர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.