கரி கிரில்லில் கேக்: அனல் மேலேயும் வேண்டும்

கேள்வி: சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தவரை குக்கரில் மணல் பரப்பி, வெயிட் போடாமல் கேக் செய்வோம். ஒருநாளும் கெட்டதில்லை. இப்போது கடலூர் தேவனாம்பட்டினத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் மூடி போட்ட கரி கிரில் ஒன்று வாங்கி வந்தார். மொட்டை மாடியில் அதில் மீன் சுட்டால் அருமையாக வருகிறது. கேக் வைத்தால் மட்டும் அடி கருகுகிறது, மேல்பக்கம் கூழாகவே நிற்கிறது, புகை வாடை வேறு. மாவின் அளவுகளில் எதையும் மாற்றவில்லை. தை மாதம் மகளின் பிறந்தநாள். சொந்தக்காரர்கள் மாடியில் கூடியிருக்க, அங்கேயே கேக் சுட்டுத் தர ஆசை. முடியுமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: தாராளமாக முடியும். உங்கள் மாவில் குறை எதுவும் இல்லை. மீன் சுடுகிற இடத்திலேயே கேக்கை வைத்ததுதான் சிக்கல்.

மீனுக்கு நேரடித் தணல் வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பிப் போடலாம், சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். கேக்கைத் திருப்பிப் போட முடியாது. அது வேக, நாலாபுறமும் 170, 180 டிகிரி செல்சியஸ் அளவில் சூடான காற்று சூழ்ந்திருக்க வேண்டும். அம்மா வீட்டுக் குக்கரில் மணல் அடுப்பின் சூட்டை வாங்கிச் சமமாகப் பரப்பியது. மூடி அந்தச் சூட்டை மேலே தேக்கி வைத்தது. கிரில்லில் தணலுக்கு நேர் மேலே தட்டை வைத்தால் அடிப்பக்கம் இறுகிக் கருகிவிடும். அதற்குள் மேல்பக்கம் முட்டை உறையும் சூட்டைக்கூட எட்டியிருக்காது. பேக்கிங் பவுடர் கிளப்பிய குமிழிகள் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் உடைந்து, நடுப்பகுதி அமுங்கிவிடும்.

ஆகவே தணலை இரண்டாகப் பிரித்து கிரில்லின் இரு ஓரங்களிலும் ஒதுக்குங்கள். நடுவில் கரியே இருக்கக் கூடாது. ஒன்றே முக்கால் அடி அகலமுள்ள வட்ட கிரில் என்றால் ஓரத்துக்கு 300 முதல் 400 கிராம் கரியில் தொடங்கலாம். நடுவில் கம்பியின் மேல் நன்றாகக் காய்ந்த செங்கல் இரண்டை வைத்து, அதன்மேல் கேக் தட்டை வையுங்கள். ஈரச் செங்கல் சூட்டில் வெடிக்கும், கவனம். தட்டில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கித் தட்டின் பக்கத்திலேயே வையுங்கள். கிரில் மூடியில் இருக்கும் முள் மேற்புறக் காற்றின் சூட்டைத்தான் காட்டும். கேக் இருக்கும் உயரத்தில் நிலவரம் வேறு. மாவை வைக்குமுன் மூடியைப் போட்டுக் கால் மணி நேரம் சூடேற்றுங்கள். மூடியின் துளை முழுதும் திறந்திருக்கட்டும். புகை அந்த வழியே போக வேண்டும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அடித்துளையை மட்டும் திருகுங்கள்.

தேவனாம்பட்டினத்தில் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும். காற்றுப் படும் பக்கத்துக் கரி வேகமாக எரிந்து, கேக் ஒருபுறம் கருகி மறுபுறம் வெளுத்திருக்கும். சிதம்பரத்தில் வீட்டுக்குள் அடுப்பில் வைத்த குக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையிலேயே சுட்டுவிடுவது உத்தமம். உறவினர் முன்னால்தான் சுட வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரின் மறைவில் கிரில்லை வைத்து, அடித்துளையை மேற்குப் பார்க்கத் திருப்புங்கள். அரை மணி கழித்து ஒருமுறை மட்டும் மூடியைத் திறந்து தட்டை அரைவட்டம் திருப்பி வையுங்கள். அதற்கு முன் திறந்தால் சூடு இறங்கி, கேக்கும் அமுங்கும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, நடுவில் குத்திய ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

புகை வாடைக்குக் காரணம், முழுதாகப் பற்றாத கரி. வெண்ணெய் எந்த வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். கரி முழுக்க வெண்சாம்பல் பூத்த பிறகே கேக் உள்ளே போக வேண்டும். இடையில் கரி சேர்ப்பதானால் வெளியே தனியாகப் பற்றவைத்துத் தணலாகச் சேருங்கள். பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தேங்காய் நாரோ காய்ந்த பனையோலையோ போதும். சவுக்குக் கரி நல்லது. கடைகளில் கிடைக்கும் சீமைக் கருவேலங் கரியும் சரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரி ஈரம் குடித்திருக்கும். தகர டின்னில் மூடி வைத்து, முதல்நாள் வெயிலில் காயப் போடுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோட்டை எரிபொருளாகப் பயன்படுத்துவதைப் பார்த்து அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அந்தத் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கேக்குக்குப் பண்ருட்டியிலிருந்து பருப்பு வந்தால் போதும்.

மூடியில்லாத கிரில்லோ சாதாரணக் கரி அடுப்போ வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் முஸ்லிம் வீடுகளில் ரவை, முட்டை, சர்க்கரை, நெய் கலந்து தம்மடை செய்வார்கள். கனமான சட்டியில் மாவை ஊற்றி, அடியில் கொஞ்சம் தணல், மூடியின் மேல் நிறைய தணல். பிலிப்பைன்ஸ் நாட்டின் பிபிங்காவும் இப்படி மேலும் கீழும் தணல் வைத்து வேகிற பண்டம்தான். மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு என்ற கணக்கை மறக்காதீர்கள். அடிப்பக்கம் சட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கொஞ்சம் தணலிலேயே வெந்துவிடும். மேல்பக்கத்துக்கு மூடியிலிருந்து இறங்கும் அனல்தான் ஒரே துணை.

முதல் முயற்சிக்கு ரவை கேக்கையே சொல்வேன். உங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்கும் ரவையில் ஆனதுதான். மைதா கேக் முழுக்க முழுக்கக் குமிழிகளை நம்பி நிற்கிறது. சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அமுங்கிவிடும். ரவை ஈரத்தை உறிஞ்சி ஊதி, தானே கட்டுமானமாகிவிடும். வறுத்த ரவை 250 கிராம், சர்க்கரை 250 கிராம், முட்டை 5, உருக்கிய நெய் 125 கிராம், ஏலக்காய், முந்திரி. முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மற்றதைச் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சுடுங்கள்.

கடலூரில் கரியில் சமைக்கும் இந்தப் பழக்கம் பிறந்தநாளோடு முடிந்துவிடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் கரி அடுப்பு பெரிய உதவி. ஆனால் மழை வருகிறதென்று தணலோடு கிரில்லை வீட்டுக்குள்ளோ, மாடிப்படி அறைக்குள்ளோ, கதவடைத்த வராந்தாவுக்குள்ளோ ஒருபோதும் கொண்டுவராதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்களை எழவிடாமலே கொன்றுவிடும். மழை வந்தால் கேக் போகட்டும். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் காற்றடிக்கும் நேரத்தில் கிரில்லைப் பற்றவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சாம்பலில் தண்ணீர் தெளித்து, முழுதும் ஆறிய பிறகே கொட்டுங்கள்.

பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஒத்திகை பாருங்கள். முதலில் மாவு இல்லாமல் வெறும் கிரில்லை மூடி வைத்து, ஒரு மணி நேரத்துக்குச் சூடு 170க்கும் 180க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு கரி, துளை எவ்வளவு திறப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். சூட்டை ஒரே அளவில் நிறுத்தப் பழகிவிட்டால், அம்மாவின் அளவுகளிலேயே கேக் வரும். மகளுக்கு என் பிறந்தநாள் வாழ்த்து.